எக்செல் பட்டியலை அஸூர் டேபிளில் ஏற்றும்போது தரவு வகை கெடாமல் காப்பது எப்படி?

எக்செல் பட்டியலை அஸூருக்கு ஏற்ற, அதை முதலில் சிஎஸ்வி கோப்பாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பாக மாற்ற வேண்டும். அந்தச் சிஎஸ்வி கோப்பில் தரவு வகை என்று ஒன்று கிடையாது. காற்புள்ளி, மேற்கோள் குறி, வரி முடிவு, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். 00417 என்பது வாடிக்கையாளர் எண்ணா, நானூற்றுப் பதினேழு ரூபாயா? 01/04/2025 என்பது ஏப்ரல் முதல் தேதியா, ஜனவரி நான்காம் தேதியா? அந்தக் கோப்பைக் கேட்டால் பதில் வராது. எக்செலில் இருக்கும் பட்டியலை மேகக் கணினியின் அட்டவணைக்கு ஏற்றும் புதியவர்கள் இடறி விழுவது இங்கேதான். விழுந்ததுகூட உடனே தெரியாது. ஏற்றும் வேலை எந்த எச்சரிக்கையும் காட்டாமல் முடிந்துவிடும். மாதக் கடைசியில் "ஐயாயிரத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் யார்" என்று தேடும்போது பட்டியல் காலியாக வந்து நிற்கும்.

இந்த வழிகாட்டி மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிச் சேவையான அஸூரில் அட்டவணைகளைச் சேமிக்கும் டேபிள் ஸ்டோரேஜுக்கானது. ஏற்றுவதற்கு ஸ்டோரேஜ் எக்ஸ்புளோரர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறோம். இலவசம்தான், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திரையில் ஆங்கிலத்தில் வரும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டிய பெயர்களை அந்த மென்பொருளிடமிருந்தே நகலெடுக்க ஒரு வழி இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

உதாரணத்துக்கு மின்சாதனங்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றின் பாக்கிப் பட்டியலை வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் குறியீடு, பெயர், கதவு எண், தொலைபேசி, வங்கிக் கணக்கு எண், பில் எண், பில் தேதி, தொகை, பாக்கி தீர்ந்ததா என்ற ஒன்பது நெடுவரிசைகள். சாதாரணப் பட்டியல்தான். ஆனால் தரவு வகை கெடுவதற்கான அத்தனை வாய்ப்பும் இதற்குள் இருக்கிறது.

முதலில் தாளில் எழுதுங்கள்

எக்செலைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எந்த வகை என்று முடிவு செய்துவிட வேண்டும். டேபிள் ஸ்டோரேஜ் ஏற்றுக்கொள்ளும் வகைகள் எட்டு: எழுத்துகளுக்கு ஸ்ட்ரிங், முழு எண்ணுக்கு இன்ட்32, பெரிய முழு எண்ணுக்கு இன்ட்64, தசம எண்ணுக்கு டபுள், ஆம் அல்லது இல்லை என்பதற்கு பூலியன், தேதியும் நேரமும் சேர்ந்த டேட்டைம், அடையாளக் குறிக்கான குயிட், கோப்புத் துணுக்கு போன்றவற்றுக்கான பைனரி. கடைசி இரண்டும் எக்செலிலிருந்து வரும் பட்டியலில் அரிதாகவே தேவைப்படும்.

எண்ணாகத் தெரிவதெல்லாம் எண் அல்ல. ஒரு நெடுவரிசையை எண் வகையில் வைப்பதா என்று தீர்மானிக்க ஒரே கேள்வி போதும்: இதை நான் என்றைக்காவது கூட்டுவேனா? தொலைபேசி எண்களைக் கூட்டி யாரும் எதையும் தெரிந்துகொள்வதில்லை. அஞ்சல் குறியீடு, கணக்கு எண், வாடிக்கையாளர் குறியீடு எல்லாம் அப்படியே. இவை அனைத்தும் ஸ்ட்ரிங். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. 'இடம் மிச்சமாகும்', 'தேடல் வேகமாகும்' என்று சொல்லி கைப்பேசி எண்ணை இன்ட்32-இல் வைக்க யோசிப்பவர்கள், அந்த வகையின் உச்ச அளவு 2,147,483,647 என்பதைப் பார்க்க வேண்டும். 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண் எதுவும் அதற்குள் அடங்காது.

தொகைக்கு வருவோம். டேபிள் ஸ்டோரேஜில் பணத்துக்கென்று தனி வகை இல்லை. ரூபாய், பைசா இரண்டும் சேர்ந்த தொகையை டபுளில் போடலாம், பலர் போடுகிறார்கள். ஆனால் டபுள் என்பது இரும எண் முறையில் தோராயமாகச் சேமிக்கும் வகை. 1.15-ஐ 100-ஆல் பெருக்கச் சொல்லி பைத்தான் நிரல் மொழியிடம் கேட்டால் 114.99999999999999 என்று பதில் வரும். பில் தொகையில் இந்த விளையாட்டு வேண்டாம். தொகை முழுவதையும் பைசாவாக மாற்றி இன்ட்64-இல் வைப்பது பாதுகாப்பான வழி. இன்ட்32 போதாதா? பைசாக் கணக்கில் அதன் உச்சம் 2 கோடியே 14 லட்சம் ரூபாய் சொச்சம். மொத்த வியாபாரத்தில் ஆண்டுக் கூட்டுத்தொகை அதை எளிதாகத் தாண்டிவிடும்.

தேதிதான் எல்லாவற்றையும்விடத் தொல்லை. டேட்டைம் வகை உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில் சேமிக்கப்படும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஏப்ரல் 1, 2025 நள்ளிரவு 12 மணி என்று நாம் சொல்வது, அங்கே மார்ச் 31 மாலை 18:30. நிதியாண்டின் முதல் நாள் போட்ட பில், முறையாக மாற்றி ஏற்றினால்கூட, பார்ப்பவர் கண்ணுக்கு முந்தைய நிதியாண்டில் விழுந்ததுபோலத் தெரியும். மாற்றாமல் ஏற்றினால் தேதி சரியாகத் தெரியும். ஆனால் பிறகு அதை இந்திய நேரத்தில் காட்டும் எந்தச் செயலியும் காலை 5:30 என்று ஒரு நேரத்தைச் சேர்த்துக் காட்டும்.

ஆகவே நேரம் முக்கியமில்லை, நாள் மட்டும் போதும் என்றால் டேட்டைம் வேண்டாம் என்பேன். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-01 என்று ஸ்ட்ரிங்காகவே வையுங்கள். இந்த வடிவத்தில் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே இருக்கும். '2025-04-01 முதல் 2025-06-30 வரை' என்ற வடிகட்டல் ஸ்ட்ரிங்கிலேயே பிழையின்றி நடக்கும். நேரமும் தேவைப்படும் நெடுவரிசைக்கு மட்டும் டேட்டைமை ஒதுக்குங்கள்.

கதவு எண் ஸ்ட்ரிங். பாக்கி தீர்ந்ததா என்பது பூலியன். முடிவு எடுத்தாயிற்று, இந்தத் தாளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எக்செல் செய்யும் சேட்டை

தரவு வகை இரண்டு இடங்களில் தொலைகிறது. ஒன்று எக்செலுக்குள், மற்றொன்று ஏற்றும் இடத்தில். எக்செலில் தொலைந்ததை அதற்கு அப்புறம் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

புதிய தாளில் ஒரு கலத்தில் 12/5 என்று கதவு எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள். இந்திய அமைப்பில் உள்ள கணினியில் அது 12-மே ஆகிவிடும். அமெரிக்க அமைப்பில் டிசம்பர் 5. சரி, வடிவத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடலாம் என்று மாற்றினால் 12/5 திரும்பாது. 45789 என்று ஓர் எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2025-ஆம் ஆண்டில் தட்டியிருந்தால் வரும் எண் இது. எக்செல் தேதியை 1900 ஜனவரி 1-இலிருந்து எண்ணிய நாள்களாகத்தான் உள்ளே வைத்திருக்கிறது. நீங்கள் தட்டிய கணத்திலேயே கதவு எண் போய், நாள் எண் வந்துவிட்டது. வடிவம் என்பது அதன்மேல் போர்த்திய துணி மட்டுமே.

இந்தச் சேட்டையால் கடைக்காரர்கள் மட்டும் அவதிப்படவில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020-இல் இதற்குப் பணிந்து போனது. மார்ச்1, செப்ட்2 போன்ற சுருக்கப் பெயர்கள் எக்செலில் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்.

தீர்வு எளிது, வரிசைதான் முக்கியம். வெற்றுத் தாளில் முதலில் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, வடிவத்தை டெக்ஸ்ட் என்று வையுங்கள். அதன் பிறகு தட்டுங்கள் அல்லது ஒட்டுங்கள். வேறு தாளிலிருந்து ஒட்டும்போது மதிப்பை மட்டும் ஒட்டும் தெரிவைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய வடிவமும் கூடவே வந்துவிடும். ஒன்றிரண்டு கலங்கள் மட்டும் என்றால் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்டினாலே போதும்.

பட்டியல் ஏற்கெனவே சிஎஸ்வி கோப்பாக உங்கள் கைக்கு வந்திருந்தால், அதை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். திறந்த நொடியே 00417 வெறும் 417 ஆகிவிடும். 044 என்று தொடங்கும் சென்னைத் தொலைபேசி எண் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை இழக்கும். அதற்குப் பதிலாக வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா பட்டியில் உள்ள டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். முன்னோட்டச் சாளரத்தில் தரவு வகையைக் கண்டறிவது பற்றி ஒரு தெரிவு இருக்கும். கண்டறிய வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே எழுத்தாக வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் அமைப்புகளை எக்செலில் சேர்த்தது. ஆப்ஷன்ஸில் டேட்டா பகுதிக்குப் போனால் முன்பூஜ்ஜியத்தை நீக்குவது, நீண்ட எண்ணைச் சுருக்குவது, எழுத்தும் எண்ணும் கலந்ததைத் தேதியாக்குவது ஆகியவற்றைத் தனித்தனியாக அணைக்கலாம். அணைத்துவிடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கோப்பு நாளை வேறொருவர் கணினியில் திறக்கப்படும்; அங்கே அவை அணைக்கப்பட்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நீண்ட எண்களுக்கு இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று தோற்றத்தில், ஒன்று மதிப்பில். பொது வடிவத்தில் உள்ள கலத்தில் 12 இலக்க எண்ணைத் தட்டினால் 1.23457இ+11 என்பதுபோல அறிவியல் குறியீட்டில் காட்டும். கலத்துக்குள் முழு எண்ணும் பத்திரமாக இருக்கும். ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்புக்குப் போகும். 123457 தவிர மற்ற இலக்கங்கள் காற்றோடு போய்விடும். இரண்டாவது ஆபத்து இன்னும் மோசம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகும். அது தோற்றப் பிழை இல்லை, மதிப்பே மாறிவிட்டது. மாறிய எண்ணும் பார்வைக்குக் கணக்கு எண்போலவே இருப்பதால், பணம் திரும்பி வரும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

'கண்ணுக்குத் தெரிவதுதான் போகும்' என்ற இதே விதி தொகை நெடுவரிசையையும் பாதிக்கும். 1,25,000 என்று காற்புள்ளியோடு காட்டும் வடிவத்தை வைத்திருந்தால், கோப்பில் மேற்கோள் குறிக்குள் அதே காற்புள்ளிகளோடு எழுதப்படும். ரூபாய்க் குறி போட்டிருந்தால் அதுவும் போகும். எண் வகைக்கு இவை செல்லாது. சேமிப்பதற்கு முன் தொகை நெடுவரிசையின் வடிவத்தை வெறும் எண், தசமம் இல்லை, பிரிப்புக்குறி இல்லை என்று வைத்துவிடுங்கள். பைசாவாக மாற்றும்போது வெறுமனே 100-ஆல் பெருக்கி விட்டுவிடாமல் ரவுண்ட் சூத்திரத்துக்குள் வைத்துப் பெருக்குங்கள்.

தேதி நெடுவரிசையை ஒரு பார்வையிலேயே சோதிக்கலாம். நீங்கள் இடம், வலம் என்று ஒழுங்குபடுத்தாமல் விட்டிருந்தால் எக்செல் எண்ணையும் தேதியையும் வலப்பக்கம் ஒட்டிக் காட்டும், எழுத்தை இடப்பக்கம். ஒரே நெடுவரிசையில் பாதி இடமும் பாதி வலமுமாக நின்றால் அங்கே விபரீதம் நடந்திருக்கிறது. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் திறக்கப்பட்ட நம்மூர்த் தேதிகளுக்கு இதுதான் கதி. 13/04/2025-இல் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே இடப்பக்கம் நிற்கும். 03/04/2025 மட்டும் மார்ச் 4 ஆக மாறி வலப்பக்கம் போய்விடும். இப்படிப்பட்ட கோப்பைத் தாளிலேயே சரிசெய்ய முயல வேண்டாம். மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள்.

எல்லாத் தேதியும் வலப்பக்கம் நின்றால் நல்லது. பக்கத்தில் ஒரு புதிய நெடுவரிசை திறந்து, டெக்ஸ்ட் சூத்திரத்தால் நான்கிலக்க ஆண்டு, மாதம், நாள் என்ற வடிவத்துக்கு மாற்றி, மதிப்பாக ஒட்டிவிட்டுப் பழையதை நீக்குங்கள். டேட்டைம் தேவைப்படும் நெடுவரிசையில் முதலில் ஐந்தரை மணி நேரத்தை, அதாவது 5.5/24-ஐக் கழித்துவிட்டு, தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே ஆங்கில டி, கடைசியில் ஆங்கில இசட் வரும்படி அமைக்க வேண்டும். அந்த இசட் 'இது யுடிசி நேரம்' என்பதற்கான அடையாளம். பழைய மேக் கணினிகளில் உருவான கோப்பு என்றால் எல்லாத் தேதியும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளி நிற்கக்கூடும். அங்கே எண்ணிக்கை 1904-இலிருந்து தொடங்கும். வித்தியாசம் 1,462 நாள்கள்.

வார்ப்பை மென்பொருளிடமே வாங்குங்கள்

இப்போது எக்செலை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டோரேஜ் எக்ஸ்புளோரரைத் திறங்கள். உங்கள் சேமிப்புக் கணக்கின் கீழே டேபிள்ஸ் என்பதில் சோதனைக்கென ஒரு புதிய அட்டவணையை உருவாக்குங்கள். பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே வரலாம். எழுத்தில்தான் தொடங்க வேண்டும். 3 முதல் 63 எழுத்துகள்வரை. அஸூர் கணக்கே இன்னும் தொடங்கவில்லை என்றாலும் பரவாயில்லை. அஸூரைட் என்ற இலவச மென்பொருள் உங்கள் கணினியிலேயே டேபிள் ஸ்டோரேஜ்போல நடித்துக்காட்டும். அதோடும் எக்ஸ்புளோரர் இணையும்.

புதிய அட்டவணையில் ஆட் பொத்தானை அழுத்தி ஒரே ஒரு வரிசையைக் கையால் சேருங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயரைக் கொடுத்து, பக்கத்தில் உள்ள பட்டியலிலிருந்து வகையைத் தேர்ந்தெடுங்கள், தாளில் எழுதி வைத்தபடியே. நெடுவரிசைப் பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளியோ சிறுகோடோ இல்லாமல் வைப்பது நல்லது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கருதப்படும் என்பதால் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

வரிசையைச் சேர்த்ததும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி சிஎஸ்வியாக வெளியே எடுங்கள். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். நீங்கள் வைத்த ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பக்கத்தில் ஒரு துணை நெடுவரிசை முளைத்திருக்கும். மூல நெடுவரிசையின் பெயர், அதை ஒட்டி @ குறி, அதை ஒட்டி டைப் என்ற சொல் என்று அதன் தலைப்பு அமைந்திருக்கும். அதன் கீழே இடிஎம்.ஸ்ட்ரிங், இடிஎம்.இன்ட்64, இடிஎம்.பூலியன் என்று அந்த மதிப்பின் வகை எழுதப்பட்டிருக்கும். சிஎஸ்விக்குத் தெரியாத தரவு வகையை எக்ஸ்புளோரர் இப்படி ஒரு பக்கவாட்டு நெடுவரிசையில் எழுதித் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. ஏற்றும்போதும் அதே நெடுவரிசையைத்தான் தேடிப் படிக்கிறது. இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தத் தலைப்பு வரியைத்தான் வார்ப்பு என்றேன். ஆங்கிலச் சொற்களில் எது பெரிய எழுத்து, எங்கே புள்ளி என்றெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். நோட்பேடிலிருந்து அப்படியே நகலெடுத்து உங்கள் எக்செல் தாளின் முதல் வரியில் ஒட்டி, காற்புள்ளி இருக்கும் இடங்களில் நெடுவரிசைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

துணை நெடுவரிசைகளை நிரப்புதல்

தொகைக்குப் பக்கத்தில் உள்ள துணை நெடுவரிசையில் முதல் கலத்தில் இன்ட்64-இன் முழுப் பெயரை வார்ப்பிலிருந்து ஒட்டிக் கீழே இழுத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். தொகை எல்லா வரிசையிலும் இருந்தால் அது போதும். சில கலங்கள் காலியாக இருந்தால் போதாது. காலியான மதிப்பை 'இது முழு எண்' என்று சொன்னால் எந்த முழு எண்? டேபிள் ஸ்டோரேஜில் மதிப்பில்லாத நெடுவரிசை என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. மதிப்பு இல்லையென்றால் அந்த வரிசையில் அந்த நெடுவரிசையே இருக்காது, அவ்வளவுதான். ஆகவே மதிப்பு காலியானால் வகையும் காலி. இஃப் சூத்திரம் ஒன்று போட்டு, 'பக்கத்துக் கலம் காலியா? அப்படியானால் இதுவும் காலி. இல்லையென்றால் வகையின் பெயர்' என்று எழுதி இழுத்துவிடுங்கள். காலியான கலத்தை 0 போட்டு நிரப்புவது இன்னொரு பழக்கம். தொகை தெரியவில்லை என்பதும் தொகை பூஜ்ஜியம் என்பதும் ஒன்றல்ல. பாக்கிப் பட்டியலில் அந்த இரண்டையும் குழப்பினால் நஷ்டம் கடைக்குத்தான்.

பூலியன் நெடுவரிசையில் ஆம், இல்லை என்று எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் ட்ரூ, ஃபால்ஸ் என்று மாற்ற வேண்டும். வார்ப்பில் எந்த எழுத்துவடிவில் வந்ததோ அதே வடிவில்.

துணை நெடுவரிசை ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. டேபிள் ஸ்டோரேஜில் நெடுவரிசைக்கு வகை கிடையாது, மதிப்புக்குத்தான் வகை. முதல் வரிசையில் தொகை இன்ட்64 ஆகவும் அடுத்ததில் ஸ்ட்ரிங்காகவும் இருந்தாலும் அது முணுமுணுக்காமல் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். சாதாரணத் தரவுத்தளத்தில் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அங்கே தவறான வகை வாசலிலேயே தடுக்கப்படும். இங்கே வாசலில் யாரும் இல்லை.

இரண்டு சாவிகள்

பார்ட்டிஷன்கீ, ரோகீ என்ற இரண்டும் எல்லா வரிசையிலும் கட்டாயம் இருக்க வேண்டும். முதலாவது வரிசைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் சாவி, இரண்டாவது அந்தக் குழுவுக்குள் ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் சாவி. இரண்டும் எப்போதும் ஸ்ட்ரிங்தான். இவற்றுக்குத் துணை நெடுவரிசை வேண்டாம். ஒரே பார்ட்டிஷன்கீயின் கீழே ரோகீ திரும்ப வரக்கூடாது. நம் பட்டியலில் வாடிக்கையாளர் குறியீட்டை முதலாவதாகவும் பில் எண்ணை இரண்டாவதாகவும் வைக்கலாம்.

வைக்கும்போது ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நம்மூர் பில் எண்கள் பெரும்பாலும் 2025-26/0417 என்ற மாதிரியில்தான் இருக்கும். ஜிஎஸ்டி விதிகள் சாய்கோட்டை அனுமதிக்கின்றன. டேபிள் ஸ்டோரேஜின் சாவிகளில் சாய்கோடு, பின்சாய்கோடு, #, ? ஆகிய நான்கும் கூடாது. ரோகீயில் சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றி, உண்மையான பில் எண்ணைத் தனி நெடுவரிசையில் ஸ்ட்ரிங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சாவிகள் எழுத்து வரிசையில் அடுக்கப்படும் என்பதால் 10 என்பது 9-க்கு முன்னால் வந்து நிற்கும். முன்பூஜ்ஜியம் போட்டு 0009, 0010 என்று ஒரே நீளத்தில் வைத்தால் வரிசை ஒழுங்காகும். எக்செல் பிடுங்கி எறியும் அதே பூஜ்ஜியங்கள்.

வார்ப்பில் டைம்ஸ்டாம்ப் என்று இன்னொரு நெடுவரிசையும் இருக்கும். அது ஒவ்வொரு வரிசையும் கடைசியாக மாறிய நேரம். அதைச் சேவையே எழுதிக்கொள்ளும். உங்கள் பில் தேதியை அந்தப் பெயரில் வைத்தால் அது ஏற்றிய நேரமாக மாறிவிடும். ஏற்றும் கோப்பிலிருந்து அந்த நெடுவரிசையை நீக்கிவிடுங்கள்.

சேமித்து ஏற்றுதல்

சேமிக்கும்போது யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் குறியீட்டு முறை) என்ற சொல் சேர்ந்த சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். எக்செல் அப்போது திறந்திருக்கும் ஒரு தாளை மட்டுமே சேமிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தை இடையில் எங்கும் கொண்டுவராதீர்கள். அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அந்த வடிவத்தைப் பயன்படுத்தியதால் 15,841 கொரோனா தொற்றாளர்களின் பதிவுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டுப் போயின.

சேமித்த பிறகு அதே கோப்பை எக்செலில் திறந்து 'சரிபார்க்கும்' ஆசையை அடக்குங்கள். நோட்பேடில் பாருங்கள். முதல் ஐந்து வரிகளில் 00417 முழுதாக இருக்கிறதா, கதவு எண் 12/5 ஆகவே இருக்கிறதா, தொகையில் காற்புள்ளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிறகு எக்ஸ்புளோரரில் அந்தச் சோதனை அட்டவணையைத் திறந்து இம்போர்ட் அழுத்தி, கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முழுக் கோப்பையும் உடனே ஏற்றாமல், காலியான கலம், தமிழ்ப் பெயர், மிகப் பெரிய தொகை, முன்பூஜ்ஜியக் குறியீடு எல்லாம் கலந்த சில வரிசைகளை மட்டும் தனிக் கோப்பாக்கி முதலில் ஏற்றிப் பாருங்கள். முதல் நெடுவரிசை கண்முன்னே இருக்க, அதைக் காணவில்லை என்று பிழை வந்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிஓஎம் குறியை (கோப்பின் எழுத்துக் குறியீட்டு முறையைச் சொல்லும் அடையாளம்) சந்தேகியுங்கள். எக்செலின் யுடிஎஃப்-8 சேமிப்பு அதைச் சேர்க்கிறது. நோட்பேடில் சேவ் அஸ் கொடுத்து, பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுத்தால் நீங்கிவிடும்.

ஏற்றியாயிற்று. ஏதேனும் ஒரு வரிசையை எடிட் அழுத்தித் திறந்தால் ஒவ்வொரு மதிப்பின் வகையும் பக்கத்தில் தெரியும். தாளோடு ஒப்பிடுங்கள். ஆனால் ஒரு வரிசை சரியாக இருப்பது மற்றவற்றுக்குச் சாட்சி ஆகாது. தேடிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. தொகை 5,00,000 பைசாவுக்கு மேல் என்று எண் வகையில் வடிகட்டி, வரும் வரிசைகளின் எண்ணிக்கையை எக்செலில் அதே வடிகட்டலில் வரும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் சில வரிசைகளில் தொகை ஸ்ட்ரிங்காக நுழைந்திருக்கிறது. எண்ணைத் தேடும் கேள்விக்கு எழுத்து பொருந்தாது. ஸ்ட்ரிங்காகவே தேடினால் இன்னும் வேடிக்கை: எழுத்து வரிசையில் 1000 என்பது 500-ஐவிடச் சிறியது.

கணக்கு ஒத்துப்போனால் உண்மையான அட்டவணையை உருவாக்கி முழுக் கோப்பையும் ஏற்றுங்கள். ஒத்துப்போகாவிட்டால் சோதனை அட்டவணையை அழித்துவிட்டுக் கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றுங்கள். ஏற்றிய வரிசைகளை ஒவ்வொன்றாக எக்ஸ்புளோரரிலேயே திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. அடுத்த மாதம் அதே பிழை அதே கோப்பிலிருந்து மறுபடி வரும்.

மாதாமாதம் ஏற்றுபவர்களுக்கு

ஒரு முறை ஏற்றுவதற்கு மேலே சொன்ன வழி போதும். மாதந்தோறும் செய்ய வேண்டியிருந்தால் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதிவிடுவது நல்லது. பைத்தானுக்கான அஸூரின் டேபிள் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) மதிப்பின் பைத்தான் வகையைப் பார்த்து அதற்கேற்ற டேபிள் வகையைத் தானே போட்டுக்கொள்ளும். துணை நெடுவரிசை தேவையில்லை. ஆனால் பைத்தானின் முழு எண்ணை அது இன்ட்32 என்றே எடுத்துக்கொள்ளும். பைசாத் தொகைக்கு இன்ட்64 வேண்டும் என்று மதிப்போடு சேர்த்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எக்செலைப் படிக்க பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துவோர் எல்லா நெடுவரிசையையும் ஸ்ட்ரிங்காகவே படிக்கச் சொல்லிவிட்டு, எண்ணாக வேண்டியவற்றை மட்டும் தாங்களே மாற்றிக்கொள்வது நலம். அதன் போக்கில் விட்டால், ஒரு கலம் காலியாக இருந்தாலும் முழு எண் நெடுவரிசை மொத்தமும் தசமமாகிவிடும்; 417 என்பது 417.0 ஆகும். காலியான கலம் NaN ('எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற விசித்திர மதிப்பாக வரும். அதுவும் தசம வகைதான் என்பதால் டபுளாக அட்டவணைக்குள் நுழைந்துவிடும். ஏற்றுவதற்கு முன் அப்படிப்பட்ட மதிப்புகளை அந்த வரிசையிலிருந்து நீக்கிவிடுங்கள். தேதிகளுக்கு நேர மண்டலத்தை நீங்களே ஒட்டி அனுப்புங்கள்; நூலகம் ஊகிக்கும் என்று விடாதீர்கள்.

வேகத்துக்காகத் தொகுப்பாக அனுப்பும்போது ஒரு தொகுப்பில் 100 வரிசைகள்வரை செல்லும். அவை எல்லாவற்றுக்கும் பார்ட்டிஷன்கீ ஒன்றாக இருக்க வேண்டும். நம் பட்டியலில் வாடிக்கையாளர் குறியீடே பார்ட்டிஷன்கீ என்பதால், முதலில் அந்தக் குறியீட்டின்படி வரிசைகளைப் பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு குழுவையும் நூறு நூறாக வெட்டி அனுப்ப வேண்டும். தொகுப்பில் ஒரு வரிசை பிழையாக இருந்தாலும் அந்தத் தொகுப்பு முழுவதுமே நிராகரிக்கப்படும். எந்த வரிசையால் நின்றது என்பதை நிரல் பதிவு செய்யும்படி வைத்துக்கொண்டால் தேடும் வேலை குறையும்.